அன்னத்தாய் பூட்டி வைத்த எண்

சுருளிப்பட்டியில் திராட்சைக்காரர்கள் முன்னூறு பேர் சேர்ந்து போன வருஷம் ஒரு கம்பெனி ஆரம்பித்தோம். முறைப்படி பதிவு செய்த விவசாயிகள் கம்பெனி. நானும் அதில் ஒரு பங்குதாரன். தலைவி அன்னத்தாய். ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல், பிளஸ் டூ படிப்பு, யாருக்கும் அஞ்சாத வாய். வியாபாரி தராசில் கை வைத்தால் அந்தக் கையைத் தட்டிவிடுகிற ஆள். அதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

அவருக்கு இருந்த ஒரே பயம் எண்களைப் பற்றியது. பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்ன எவனோ ஒருவனிடம் ஒருமுறை ஓடிபியைச் சொல்லிவிட்டார். கணக்கில் இருந்ததெல்லாம் போயிற்று. அதிலிருந்து ஆதார் எண் கேட்டால்கூட அவருக்கு முகம் மாறிவிடும்.

கம்பெனிச் சான்றிதழ் வந்தது. எழுத்தும் இலக்கமுமாக இருபத்தொன்று கொண்ட பதிவு எண் அதில் இருந்தது. அன்னத்தாய் பார்த்த கையோடு அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். லெட்டர்பேடும் பில் புத்தகமும் அச்சானபோது முருகன் படம் இருந்தது, திராட்சைக் கொத்து இருந்தது, எண் மட்டும் இல்லை. பாதுகாப்பாம்!

ஒளித்து வைத்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்? "நெசமாவே பதிஞ்சாகளா, இல்ல சும்மா போர்டு மாட்டிருக்காகளா?" என்று டீக்கடையில் முத்துராஜா ஆரம்பித்தார். பெரிய தோட்டக்காரர். அவர் கம்பெனி ஷெட்டுக்குப் பழம் கொண்டு வருவதை நிறுத்த, இன்னும் இருபது பேர் நிறுத்தினார்கள். நானும் உள்ளுக்குள் சந்தேகப்பட்டேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இந்த நேரத்தில்தான் கொச்சியில் ஒரு ஜூஸ் கம்பெனி வாரம் ஐந்து டன் கேட்டது. அன்னத்தாய் விலை எழுதி அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. கடிதத்தில் பதிவு எண் இல்லை, உங்களை எப்படிச் சரிபார்ப்பது, வெள்ளிக்கிழமைக்குள் சரியான கடிதம் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். பந்தலில் பழம் பழுத்து நிற்கிறது. கொச்சி கைவிட்டால் அதை யார் வாங்குவது?

அன்னத்தாய் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பழனிசெட்டிபட்டிக்கு, லெட்டர்பேடு அடித்துக்கொடுத்த ஜெபஷீலாவின் அச்சகத்துக்குப் போனார்.

"அன்னைக்கே கேட்டேன்லக்கா. நீங்கதான் போட வேணாம்னு சொன்னீக."

"பின்ன? ஊரெல்லாம் காட்டச் சொல்றியா? எவனாச்சும் நம்பர வச்சு எல்லாத்தையும் வழிச்சுட்டுப் போயிட்டா?"

"ஓடிபி பீரோ சாவி மாதிரி. இது வாசல்ல மாட்டுற பேர்ப்பலகைக்கா. கம்பெனி எழுதுற கடுதாசி, பில்லு, நோட்டீஸு எல்லாத்துலயும் பேரு, ஆபீஸ் விலாசத்தோட இந்த நம்பரும் இருக்கணும். சட்டமே அப்படித்தான். இல்லாட்டி அபராதம்."

ஜெபஷீலா தன் போனில் அரசாங்கத் தளத்தைத் திறந்து கம்பெனிப் பெயரைத் தட்டினார். எண், பதிவான தேதி, சுருளிப்பட்டி விலாசம் எல்லாம் வந்து நின்றன.

"ஒலகமே பாக்குறதத்தான் நீங்க பூட்டி வச்சிருக்கீக."

அன்னத்தாய்க்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் விடாமல், "அப்ப எம்மக கல்யாணப் பத்திரிகையிலயும் போடணுமா?" என்று கேட்டார்.

"அது கம்பெனி கல்யாணமா இருந்தாப் போடலாம்."

அடித்த லெட்டர்பேடு வீணாகவில்லை. ஜெபஷீலா ஒரு மணி நேரத்தில் எண்ணை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து கொடுத்தார். புதுக் கடிதம் அன்றே போனது. வெள்ளிக்கிழமை மதியம், திங்கட்கிழமை வண்டி அனுப்புகிறோம் என்று கொச்சியிலிருந்து பதில் வந்தது.

ஆனால் அந்த வாரம் வெட்டுக்கு நின்ற பழத்தில் பெரும்பகுதி முத்துராஜாவுடையதும் அவரோடு நிறுத்தியவர்களுடையதும்தான்; அவர்கள் இல்லாமல் ஐந்து டன் எங்கிருந்து சேரும்?

சனிக்கிழமை ஷெட்டில் கூட்டம். பதிவு எண்ணோடு நோட்டீஸ் சுவரில் ஒட்டியிருந்தது. அன்னத்தாய் எழுந்து நின்றார்.

"ஒருதடவ ஏமாந்தேன். அந்தப் பயத்துல உங்ககிட்டயும் மறைச்சுட்டேன். தப்பு எம்மேலதான். நம்பரு இங்கன இருக்கு. யாரு வேணாலும் போன்ல போட்டுப் பாருங்க."

அந்த வாய் தடுமாறி நான் பார்த்தது அன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

முத்துராஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரருகே போனார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். இரண்டு தடவை தப்பாயிற்று, யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை வந்ததை வாய்க்குள் படித்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"திங்கக்கெழம வண்டி எத்தன மணிக்குத் தாயி வருது?" என்றார். "விடியவே பழம் வெட்ட ஆள் விட்டுருறேன்."