நான் கொண்டுவந்த பஸ் நிறுத்தம்

பாறையை உடைத்து எழுபது அடிக் கிணறு வெட்டினேன். கேரள எல்லைக்குள் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் மாவு மில் வைத்தேன். பங்காளிகள் பார்த்துச் சிரித்த மேட்டில் மாடி வீடு எழுப்பினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சொந்தமாக ஒரு மனு எழுத வராது. ஆனாலும் எழுபதுகளில் ஆள் வைத்து மனு எழுதிக் கொடுத்து, பொள்ளாச்சி பஸ்ஸை என் மில் முன்னால் நிற்க வைத்தேன்.

அதற்கு முன் பஸ் இரண்டு பர்லாங் தள்ளிப் புளியமரத்தடியில் நிற்கும். அங்கேதான் என் தம்பியும் நிற்பான். முப்பது வயது. விவரம் பத்தாதவன் என்பார்கள் ஊரில். பள்ளிக்கூடத்திலும் சேர்த்துக்கொள்ளவில்லை, தோட்டங்காட்டு வேலையும் பிடிபடவில்லை. ஆனால் முதல் வண்டிக்கே குளித்துத் தலை சீவிப் போய்விடுவான். கடைசிக் காய்கறிக் கூடை ஏறும்வரை பார்த்திருந்து, வண்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாமுங்க" என்பான். அப்புறம்தான் வண்டி நகரும்.

"சாமி உத்தரவு குடுத்தாத்தானே நாங்க பொள்ளாச்சி சேர முடியும்" என்பார் கண்டக்டர்.

"பொறுங்க, ஒரு ஆத்தா ஓடியாறாங்க" என்பான், சிரிக்காமல்.

சோற்றுக்கு உட்காரும்போது அன்றைக்கு யார் யாரை ஏற்றி அனுப்பினான் என்று சொல்வான். நான் காதில் வாங்கியதில்லை. மில்லுக்குக் கூட்டம் வர வேண்டும், அதுதான் என் நினைப்பு.

நிறுத்தம் மாறிய அன்று மில் வாசலில் தேங்காய் உடைத்தேன். வண்டி புளியமரத்தில் நிற்காமல் நேரே வந்தது. பின்னாலேயே தம்பி ஓடிவந்தான்.

"நாஞ் சொல்லாம வண்டி வந்துருச்சுங்ணா."

இனிமேல் இங்கேதான், இங்கே தட்டு என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். தட்டவில்லை.

"இது உங்க வண்டிங்ணா. என்ற வண்டி அங்க வரும்."

திரும்பிப் போய்விட்டான். டிரைவர்களிடம் கெஞ்சினேன், இரண்டு நாள் மரத்தடியில் மெதுவாக்கினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். மனுக் கொடுத்த பஸ் ஆபீசுக்கே போய்ப் பழையபடி மாற்றித் தரச் சொன்னேன். கேட்டவரும் நீங்கள், வேண்டாம் என்பவரும் நீங்களா என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார் அங்கிருந்த சார். பாறையை உடைத்த கை அந்த மேசைமேல் சும்மா கிடந்தது.

தம்பி தலை சீவுவதை விட்டான். சோற்றுக்கு உட்கார்ந்தால் பேச்சில்லை. மரத்தடிக்கு மட்டும் கடைசிவரை போனான். வண்டி தாண்டும்போது கை உயரும்; தட்ட அங்கே ஒன்றும் இருக்காது.

நிறுத்தத்தைக் கொண்டுவந்தது தான்தான் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் இன்றும் மேடையில் பேசுகிறார். பொய். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அந்த நிறுத்தத்துக்கும், புளியமரத்தடியில் நின்றவனுக்கு நேர்ந்ததற்கும் ஆள் நான் ஒருவன்தான். ஊர்க் கதை எழுதுகிறவர்கள் என்னை விட்டுவிட்டு எழுதக் கூடாது.