அரை இஞ்சு தள்ளி

கடைப் பலகையைக் கொஞ்சம் சாய்த்து மாட்டியது ஒரு குற்றமா? பலகை விழவில்லை, எழுத்தும் அழியவில்லை. ஆனாலும் அக்கா புருஷன், அந்தத் தையற்கடைக்காரர், அன்றிலிருந்து மச்சானைக் ‘கோணல்’ என்றுதான் கூப்பிட்டார். தெருவும் கப்பென்று பிடித்துக்கொண்டது. மச்சான் லாரி டிரைவர்; பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அவன் ‘கோணலா’கவே உட்கார்ந்திருந்தான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அந்தத் தையற்கடை மாமாவுக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் வந்தது. நரம்பின் மேலுறையைத் தின்கிற வியாதி. “வயர் மேல இருக்கிற ரப்பர் போச்சுடா” என்பார். வலது கால் மெஷின் மிதியை மறந்தே போனது. அப்புறம் ஊசி மருந்து. தானே போட்டுக்கொள்வார். கால் மெல்ல மெல்ல மிதிக்குத் திரும்பியது.

ஆனால் தொடை தடித்துச் சிவந்து அரித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, “இப்படியே போனா மருந்த நிறுத்த வேண்டியதுதான்” என்றார்.

“அப்ப மெஷினையும் நிறுத்திடுங்க” என்றார் மாமா. குரலில் தெம்பில்லை. அக்காவோடு துணைக்கு வந்த கோணல், நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

நர்ஸம்மா துணியை விலக்கினார். தடிப்புகள் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் நின்றன.

“என்னய்யா இது, பட்டனுக்குக் காஜா எடுத்து வெச்சிருக்கீங்க?”

“இடம் மாத்திப் போடச் சொன்னீங்களே! ஒவ்வொரு தடவையும் அரை இஞ்சு தள்ளித்தான் போடுறேன். டேப் வெச்சு அளந்து.”

“சரியாப் போச்சு! போன ஊசி ஆறுறதுக்குள்ள பக்கத்துலயே குத்தினா தோல் என்ன பண்ணும்? இன்னிக்குத் தொடை, அடுத்து வயிறு, அப்புறம் மேல்கையோட பின்பக்கம்னு சுத்தி வரணும்.”

“துணி தீர்ந்து போச்சுன்னு உடம்பையே தைக்க ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றாள் அக்கா. கோணல் அடக்கமாட்டாமல் சிரித்தான். மாமா முறைத்தார்.

ஒரு மாசம் அப்படிப் போட்டுப் பார்க்கட்டும், தடிப்பு அடங்கினால் மருந்தைத் தொடரலாம் என்றார் டாக்டர்.

தொடையும் வயிறும் சரி, கையின் பின்பக்கம் மாமாவுக்கு எட்டவில்லை. அக்காவோ ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற ஜாதி. அந்தச் சாய்ந்த பலகைக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு மாமா கூப்பிட்டார்.

“டேய் கோணல், இங்க வா. நான் எங்க குத்தினாலும் நேர்கோடாத்தான் போகுது. உனக்குத்தான் அந்தக் கண்ணே கிடையாதே. அளவு கிளவு பாக்காம, உன் இஷ்டத்துக்குக் குத்துடா.”