வலி இல்லாத இடத்தில் ஒரு படபடப்பு

நகரியில் எங்கள் வீட்டில் இரண்டு பவர்லூம் ஓடுகிறது. நானும் வீட்டுக்காரரும்தான் பார்த்துக்கொள்கிறோம். ஒரு நாள், ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவை எடுத்துத் தரச் சொல்ல வாயைத் திறந்தேன். நாடா கண்ணெதிரே கிடக்கிறது, அதன் பேர் மட்டும் வரவில்லை. வலது கையும் இழுத்துக்கொண்டது. திருப்பதியில் ஸ்கேன் எடுத்தபோது, மூளையின் இடது பக்கத்தில், பேச்சு இருக்கும் இடத்தை ஒட்டி ஒரு கட்டி என்றார்கள். என்னை முழிப்பாக வைத்துப் பேசவிட்டுக்கொண்டே எடுத்தால்தான் பேச்சு தப்புமாம்.

வீட்டுக்காரர் அழுதுவிட்டார். எனக்குக் கேள்விகள்தான் வந்தன. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வார்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"மண்டையத் தொறந்தா வலிக்காதா மேடம்?"

"மெதடுகு நொப்பி தெலியதம்மா" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். "மூளைக்கு வலி தெரியாது. மேல இருக்கிற தோலுக்குத்தான் தெரியும். அத ஊசி போட்டு மரத்துப்போக வெச்சிடுவோம்."

உடம்பில் எங்கே முள் குத்தினாலும் கண்டுபிடிக்கிற மூளைக்குத் தன்மேல் கத்தி பட்டால் தெரியாதா? அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, புருவத்துக்கு மேலே, காதுக்குப் பின்னே, பிடரியில் என்று தலையைச் சுற்றி ஊசி போட்டார்கள். கட்டெறும்பு கடிப்பதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தலை என்னுடையதாகவே இல்லை. அசையாமல் இருக்க இரும்புச் சட்டத்தில் தலையைப் பொருத்தி முடுக்கினார்கள். அழுத்தம் தெரிந்தது, வலி இல்லை.

பிறகு டிரில் ஓடியது. பல்லெல்லாம் அதிர்ந்தது. பக்கத்து மானிட்டரில் சீராக அடித்துக்கொண்டிருந்த பீப் சத்தம் திடீரென்று ஓட்டமெடுத்தது.

"அது இன்னா மேடம், அப்படி ஓடுது?"

"உன் நாடிதாம்மா. பி.பி.யும் ஏறுது."

"எனக்குத்தான் வலிக்கலியே?"

"வலி இல்லன்னாலும் உடம்பு மெரண்டுக்கும். நல்லா தூங்க வெச்சிருந்தாக்கூட, தோல மரக்க வெக்காம கத்தி வெச்சா நாடி எகிறும். அதுக்கும் சேத்துத்தான் அந்த ஊசி. இப்ப நீ மெதுவா மூச்சு விடு. தறியப் பத்தி சொல்லு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாவில் இழை அறுந்தால் எப்படிப் பிணைப்பது என்று நான் சொல்லச் சொல்ல, பீப் சத்தம் தணிந்துகொண்டே வந்தது. என் பேச்சை என் இதயமே உட்கார்ந்து கேட்பதுபோல் இருந்தது.

அடுத்து படங்கள் காட்டினார்கள். பூனை, சாவி, பஸ் எல்லாம் சொன்னேன். இடையிடையே சர்ஜன் மூளையில் லேசாகக் கரண்ட் வைத்துச் சோதித்தார். ஒரு படம் வந்தது. மழைக்குப் பிடிப்பது. தெரியும். சொல்ல முடியவில்லை. பீப் மறுபடி பறந்தது.

"கொடுகு" என்றது வாய். தெலுங்கில் வந்துவிட்டது! தமிழில் குடை வரவேயில்லை. "அந்த எடத்தத் தொடாதீங்க" என்று யாரோ சொன்னார்கள். கரண்ட்டை எடுத்ததும் "குடை, குடை" என்று நானே கத்தினேன். உள்ளே இருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

சாயங்காலம் மருந்து தெளிந்து, தோலுக்கு உயிர் வந்தபோதுதான் வலித்தது. வீட்டுக்காரர் குனிந்து, "இன்னாமே, ரொம்ப வலிச்சுதா?" என்றார்.

"இப்பதான் வலிக்குது. அப்ப பேசிக்கினே இருந்தேன்."

மூன்றாம் நாள் டாக்டரம்மாவிடம் என் நாடி எழுதிய தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சட்டம் முடுக்கிய நேரத்தில் கோடு கிட்டத்தட்ட சமதளம். டிரிலுக்கு ஒரு மேடு. அதைவிட உயரமாக இன்னொன்று இருந்தது. அது எந்த நேரம் என்று கேட்டேன்.

"உனக்கு வார்த்த வராமப் போச்சே, அப்ப" என்றார்.

கட்டி சாதுவானது, புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. இரண்டு மாதத்தில் தறிக்குத் திரும்பிவிட்டேன். தையல் போட்ட இடத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் தொட்டால் தெரிவதில்லை. தலை சீவும்போது அங்கே மட்டும் சீப்பு போவது சத்தத்தில்தான் தெரிகிறது.