அண்ணன் வண்டி இரண்டு தடவை வந்தது

இன்று களம்பூர் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தார். பேச்சுக் கொடுத்ததும் தெரிந்துவிட்டது. எண்பதுகளில் ஆரணியில் மோட்டார் சைக்கிள் விற்றவர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

என் அண்ணன் அவரிடம்தான் புது வண்டி வாங்கினார். சூடேறினால் ஓடும்போதே இன்ஜின் ஜாம் ஆகும், பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். இரண்டு தடவை கடைக்குக் கொண்டுபோனோம்.

"புது வண்டிங்க. ஓட ஓட சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் பட்டுநூல் கொடுக்கத் தேசூர் போகும்போது, நெல் லாரிக்கு முன்னால் மறுபடியும் ஜாம் ஆனது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் வயலில் விழுந்தேன். அண்ணன் ரோட்டில் விழுந்தார். லாரியால் நிற்க முடியவில்லை. அண்ணன் அங்கேயே இறந்துபோனார்.

பெரியவர் இன்று சொல்கிறார்: "நான் வித்த வண்டி ஒண்ணுகூட கம்ப்ளெய்ன்ட்னு திரும்பி வந்ததில்லம்மா."

"எங்க அண்ணன் வண்டி ரெண்டு தடவ வந்துதுங்க. மூணாவது தடவ எடுத்துகினு வர அவரு இல்ல."

டிக்கெட் கேட்பது போலத்தான் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து, முன்னால் போய் நின்றுகொண்டார். வழியில் பலர் இறங்கிவிட்டதால் சீட்டெல்லாம் காலியாகத்தான் இருந்தது.

இத்தனை வருடமாகச் சொல்ல நினைத்தது. சொன்ன பிறகு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. உங்களுக்காவது ஏதாவது தோன்றுகிறதா?