வியாழக்கிழமைத் தாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரிக் கதைகள் பிடிக்காது. கனவில் வெளிச்சம் வந்தது, காதில் குரல் கேட்டது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். எங்கள் சபையிலேயே வாரத்துக்கு ஒருத்தர் அப்படிச் சாட்சி சொல்வார்கள், நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜெபம் பண்ணுவேன், கேட்பேன், கிடைத்தால் நன்றி சொல்வேன், கிடைக்காவிட்டால் சண்டை போடுவேன். எனக்கும் கர்த்தருக்கும் அவ்வளவுதான். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ இருக்கும். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் வேலை. என் வீட்டுக்காரர் டேவிட்டுக்கு மணலிப் பக்கம் காண்ட்ராக்டில் ஆயில் டேங்க் கழுவுகிற வேலை. இரண்டு பையன்கள், அதோடு போதும் என்று இருந்தோம். ஒரு புதன்கிழமை காலையில், டேங்க் உள்ளே மூச்சு விட முடியுமா என்றுகூடப் பார்க்காமல் காண்ட்ராக்டர் ஆளை இறக்கிவிட்டான். முதலில் இறங்கியவர் இவர். கேஸ் அடித்து அப்படியே சுருண்டுவிட்டார். மேலே இழுக்க ஒரு கயிறுகூட வைத்திருக்கவில்லை அந்தப் பாவி. இன்றைக்குப் பார்த்தாலும் அவன் சட்டையைப் பிடிப்பேன், அது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரியில் வாயில் குழாயைச் செருகி மெஷினில் மூச்சு விட வைத்தார்கள். புதன் போய், வியாழன் போய், சனியும் போயிற்று. கண் திறக்கவில்லை. பையன்களை எண்ணூரில் என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் குளிக்க வீட்டுக்கு வந்தேன், சபைக்கும் போனேன். எங்கள் சபை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஹால். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாசலில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின் இருக்கும். வேண்டுதல் இருந்தால் சீட்டில் எழுதிப் போட வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டால் ஸ்தோத்திரச் சீட்டும் அதே டின்னில்தான். பாஸ்டர் ஐயா ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார், சீட்டுக்காரர் எழுந்து நிற்க வேண்டும். சீட்டுக்கென்று யாரும் பேப்பர் வாங்குவதில்லை, மளிகைக் கடையில் இனாமாகக் கொடுக்கிற தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான். நானும் புதன் முதல் சனி வரை கிழிக்காமல் கிடந்த தாள்களைக் கிழித்து, அந்தப் புதன்கிழமைத் தாளில் 'டேவிட் பிழைக்க வேண்டும், ஸ்டெல்லா' என்று எழுதிப் போட்டேன்.

பாஸ்டர் ஐயா அதைப் படித்தார், எழுந்து நின்றேன், எல்லோரும் எனக்காக ஜெபித்தார்கள். உட்காரப் போனேன். அவர் அடுத்த சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் படித்தார். 'என் புருஷன் டேவிட்டைப் பிழைக்க வைத்ததற்காக ஸ்தோத்திரம். என் மகளுக்குப் பார்வையைத் திரும்பக் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம். ஸ்டெல்லா.'

நான் பாதி உட்கார்ந்தபடி நின்றேன். பின்னால் இரண்டு பேர் அல்லேலூயா சொல்லிக் கைதட்டினார்கள். அங்கே என் புருஷன் மெஷினில் கிடக்கிறார், இங்கே கைதட்டுகிறார்கள். எனக்கு மகளே கிடையாது. சபையில் என்னைத் தவிர வேறு ஸ்டெல்லாவும் கிடையாது. வந்த ஆத்திரத்தில் ஆராதனை முடிகிறவரை ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

முடிந்ததும் நேராகக் கமலா அக்காவிடம் போனேன். பெண்கள் ஜெபத்தை நடத்துகிறவர் அவர்தான். கிடைக்கும் முன்பே கிடைத்ததாக நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று எப்போதும் சொல்வார்.

"யக்கா, இது உன் வேலதானே?"

"இன்னாடி சொல்ற?"

"விசுவாசம்னு சொல்லி என் பேர்ல சீட்டு எழுதிப் போட்டுகீறியே, என் புருஷன் என்னா பொம்மையா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குக் கைநாட்டுதான்னு ஒனக்குத் தெரியாது? ரேஷன் கடையில நீதானேடி பேரு எழுதிக் குடுப்ப? வந்துட்டா சண்டைக்கு."

அது உண்மைதான். சீட்டை பாஸ்டர் ஐயாவிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எழுத்து என் எழுத்து மாதிரியே இருந்தது. திருப்பினேன். அடுத்து வரப்போகிற வியாழக்கிழமையின் தாள். இன்னும் நான்கு நாள் இருந்தது அதற்கு. எந்த வீட்டிலும் நாளைய தாளைக்கூட இன்றைக்குக் கிழிக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து என் காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. யாரோ கிறுக்கு வேலை செய்திருக்கிறார்கள் என்று முடிவு பண்ணினேன். ஆனாலும் சீட்டைத் தூக்கிப் போடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் வந்து, இனிமேல் ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதானால் கொண்டுபோங்கள் என்றார். என் வீட்டுக்காரருடைய அண்ணன் செல்வராஜ் மாமா நல்ல மனிதர்தான், ஆனால் மனசு விட்டுவிட்டார். கீழே போய் வேனுக்குச் சொல்லிவிட்டே வந்தார்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, டாக்டரே கைய விரிச்சிட்டாரு. இங்க அநாதை மாரி கெடக்கறதுக்கு வூட்டாண்ட இட்டுகினு போயிடலாம். நாலு சனம் மூஞ்சி பாக்கட்டும்."

"வியாழக்கெழம வரைக்கும் யாரும் கையெழுத்து போடக் கூடாது மாமா."

"வியாழக்கெழம இன்னா கீது?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? டாக்டராண்ட இன்னான்னு சொல்றது?"

"பொண்டாட்டி ஒத்துக்கலன்னு சொல்லு."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். நர்ஸம்மா வந்து பேசினார், யாரோ ஒரு பெரியவர் வந்து எனக்கு ஆறுதல் சொன்னார், நான் வார்டு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். இடுப்பில் சாவியோடு அந்தச் சீட்டும் இருந்தது. நம்பினேனா என்றால் இல்லை. ஆனால் அதில் எழுதியிருந்ததைப் பொய் என்று சொல்லி என் கையால் கையெழுத்துப் போட முடியவில்லை. கர்த்தரிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன். நீ எழுதினாயோ எவன் எழுதினானோ, என் பெயர் போட்டிருக்கிறது, வியாழக்கிழமை வரை நான் நகரமாட்டேன், அதற்குமேல் உன் பாடு.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. வார்டு ஆயாம்மா கதவைத் திறந்து, "யம்மா, டேவிட் வூட்டு ஆளு யாரு? கண்ண முழிச்சிட்டாரும்மா" என்றார். உள்ளே ஓடினேன். என்னைப் பார்த்தார். என் விரலைப் பிடித்தார். செல்வராஜ் மாமா வராண்டாவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அப்புறம் குழாயை எடுத்ததும் என் வீட்டுக்காரர் பேசிய முதல் பேச்சு, "என் புதுச் செருப்ப டேங்காண்டயே உட்டுட்டேன்டி" என்பதுதான். அந்த ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி சிரித்தேன்.

சனிக்கிழமைதான் வீட்டுக்குப் போனேன். ஸ்தோத்திரச் சீட்டை இந்த முறை நானே என் கையால் எழுத வேண்டும், அவர் பிழைத்த நாளின் தாளிலேயே எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பூட்டைத் திறந்தேன். காலண்டரில் ஞாயிறு கிழித்தேன், திங்கள் கிழித்தேன், செவ்வாய், புதன். அதற்கு அடியில் வெள்ளிக்கிழமை இருந்தது. வியாழன் இல்லை. நான் போகும்போது இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். சாவி என் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

வேறு தாளில் எழுதவில்லை. இடுப்பில் இருந்த அதே சீட்டையே மறுநாள் டின்னில் போட்டேன். பாஸ்டர் ஐயா படித்தார், எழுந்து நின்று என் வாழ்க்கையில் முதல் முறையாகச் சாட்சி சொன்னேன். "முதல் வரி உண்மை. கேட்டேன், கொடுத்தார், நன்றி. ரெண்டாவது வரி எனக்குத் தெரியாது." அவ்வளவுதான் சொன்னேன்.

மூன்று வருஷம் கழித்து, நாங்கள் நினைக்காமலே, ஒரு மகள் பிறந்தாள்.

இப்போது காலேஜ் போகிறாள். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன, கண்ணாடிகூடப் போடவில்லை. அன்றைக்கே பாஸ்டர் ஐயாவிடம் திரும்ப வாங்கிக்கொண்ட சீட்டு என் பைபிளுக்குள் இருக்கிறது, இன்னும் மங்கவில்லை. பார்வையைத் திரும்பக் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம். திரும்ப வர வேண்டுமென்றால் முதலில் போக வேண்டும், இல்லையா? என்றைக்கு, எப்படி என்று சீட்டில் போடவில்லை. வரட்டும். வந்தால் அன்றைக்கும் ஒரு கதவில் முதுகைச் சாய்த்து உட்காருவேன், எவன் கையெழுத்துக் கேட்டாலும் போடமாட்டேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் வாராவாரம் வியாழக்கிழமை காலையில் அவளை வாசற்படியில் நிறுத்தி, சுவரில் இருக்கிற காலண்டரில் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்வேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ராகு காலம் ஒன்றரை டு மூணு. வேதக்காரங்க வூட்ல இது எதுக்கும்மா, போதுமா?"

இன்றைக்கும் படித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.