அப்பா பெயரில் ஒரு குரல்

ஏழாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் எடுத்த மிஸ்ஸுக்கு மொழி என்றால் பைத்தியம். பூந்தமல்லியில் எங்கள் பள்ளி வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் தெலுங்கு, பானிபூரிக்காரரிடம் இந்தி என்று யார் கிடைத்தாலும் விடமாட்டார். பஸ்ஸுக்கு நிற்கும்போது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கொரிய மொழியில் தனக்குத்தானே வணக்கம் சொல்லிக்கொள்வார். அந்த வருஷம் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்ததும் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மற்ற ஆசிரியர்கள் தூசி படக்கூடாது என்று அதைத் துணி போட்டு மூடி வைத்தார்கள். இவர் வந்ததும் முதல் வேலையாகத் துணியை உருவிவிடுவார்.

ஒருநாள் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் யாராவது ஒருவர் தனக்குத் தெரிந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதை நாங்கள் போனில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். "வீட்ல எப்படிப் பேசுவாங்களோ அப்படியே வேணும். யாரும் திருத்தக் கூடாது. பெற்றோர் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் போடுவேன்" என்றார்.

என் அப்பா செம்பரம்பாக்கம் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுபவர். வாய் ஓயாத மனுஷன். அவர் பேச்சுதான் எனக்கும் வந்தது. ஆறாம் வகுப்பில் "பாட்டில்ல தண்ணி கீது" என்று நான் ஒருமுறை சொல்லப்போக, வகுப்பிலிருந்த ஃபிளாட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் என்னைக் 'கீது' என்றே கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் நான் டிவியில் செய்தி வாசிப்பவளைப் போலப் பேசப் பழகிக்கொண்டேன். வீட்டிலும் அப்படியே பேசி, அம்மாவிடம் "இன்னாடி இது புதுப் பவுசு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

விஷயத்தைச் சொன்னதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, லாரியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தார். குரலுக்கு எதற்கு நல்ல சட்டை என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் போனை நீட்டினேன்.

"மிஸ்ஸு, வணக்கம். சந்துல லாரிய ரிவர்ஸ் எடுக்கறது எப்டினு சொல்றேன், கேட்டுக்கோ. டேங்க் ஃபுல்லா கீதுனா ஒண்ணியும் பயம் இல்ல. பாதி தண்ணி கீது பாரு, அதான் டேஞ்சர். உள்ள அலம்பிகினு வண்டிய இஸ்துகினு பூடும்."

பத்து நிமிஷம் பேசினார். கண்ணாடியை நம்பாமல் காதை நம்புவது, கேட் பக்கம் விளையாடும் குழந்தைகளுக்காக இறங்கி ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுவது என்று எல்லாவற்றையும் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். நான் அன்று சாயங்காலமே அதை அழித்தேன்.

பிறகு அவர் சொன்னதையெல்லாம் நல்ல தமிழில் ஒரு தாளில் எழுதினேன். தெருமுனை ஃபிளாட்டில் ஐடி கம்பெனி அங்கிள் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடப் போட்டி என்று புளுகி, அவரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். "கொள்கலனில் நீர் பாதியளவே இருக்கையில் ஊர்தி நிலைகுலையும்" என்று அந்தப் புண்ணியவான் கணீரென்று வாசித்துக் கொடுத்தார். அதை என் அப்பாவின் குரல் என்று மிஸ்ஸுக்கு அனுப்பினேன். அப்பாவோ தினமும் சாப்பிட உட்காரும்போதெல்லாம் "இன்னாமே, உங்க மிஸ்ஸு கேட்டாங்களா?" என்று நச்சரித்தார்.

கூட்டத்துக்கு அவர் வரமாட்டார், சனிக்கிழமை லோடு அதிகம் என்று கணக்குப் போட்டிருந்தேன். காலையிலேயே ஓனரிடம் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றார். பள்ளிக்கூட வாட்ச்மேனிடம், "நம்ம வாய்ஸ் இன்னிக்கு உள்ள ஓடப்போவுது நைனா" என்றார். மிஸ்ஸைப் பார்த்ததும் "இன்னா மிஸ்ஸு, நல்லாகீறீங்களா?" என்று கும்பிட்டார். மிஸ் முகம் மலர்ந்து, "வாங்க சார், உங்களத்தான் மொதல்ல கூப்பிடப்போறேன். இன்னும் நானே கேக்கல. உங்க பேச்சு ஓட ஓட, நான் வார்த்தைகளை போர்டுல எழுதுவேன்" என்றார்.

அப்பா ஸ்மார்ட் போர்டுக்குப் பக்கத்தில் போய், போட்டோவுக்கு நிற்பவரைப் போல விறைப்பாக நின்றார். மிஸ் விரலால் தொட்டார். "அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்றது ஸ்பீக்கர்.

அப்பா முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வேறு யாருடையதோ முதலில் ஓடுகிறது என்று நினைத்திருப்பார். பாதி டேங்க் விஷயம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். நான் குனிந்துகொண்டேன்.

ஓடி முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒருவர், "சூப்பர் தமிழ் சார்! நேர்ல ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கையைத் தொண்டையில் வைத்து, குரல் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதே தொண்டையிலிருந்து கிளம்பிய குரலை மிஸ் கேட்டிருந்தார். போர்டில் ஒரு வார்த்தைகூட எழுதாத பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தன் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி அப்பாவிடம் நீட்டி, "தொண்டை கட்டிருக்கு போல. உக்காருங்க சார்" என்றார். அப்பா நல்லபிள்ளையாக அதை முழுசும் குடித்தார்.

திரும்பும்போது பைக்கில் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போனதும் என் முதுகுத்தோல் உரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலிலேயே, "இன்னாயா, உன் வாய்ஸ் போட்டாங்களா?" என்று கேட்டாள்.

"போட்டாங்க போட்டாங்க. கிளாஸே கை தட்டிச்சு" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

தப்பித்தோம்டா சாமி என்றுதான் நான் அப்போது நினைத்தேன். வெட்கங்கெட்ட எனக்கு அன்றிரவு தூக்கம்கூட நன்றாக வந்தது.

அரையாண்டுத் தேர்வு முடிந்து அடுத்த கூட்டம் வந்தது. "நீ போய்ட்டு வா, எனக்கு லோடு கீது" என்று அம்மாவை அனுப்பிவைத்தார் அப்பா. நாங்கள் கிளம்பும்போது லாரி எங்கள் வாசலில்தான் நின்றது. ஓனர் அன்று எல்லா வண்டிக்கும் லீவு விட்டிருந்தது எனக்குத் தெரியும். லாரிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அப்பாடா என்று அம்மாவுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு நடந்தேன்.