நடவு வரிசையில் எடுத்த ரத்தம்

கணினி ஒருநாளும் என்னிடம் பொய் சொன்னதில்லை. அதனால்தான் அன்று அதன் மீது அவ்வளவு கோபம் வந்தது.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் நான் தற்காலிகப் புள்ளிவிவர உதவியாளர். கணிதத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். ஆனால் நான் படித்த கணக்கில் மனிதர்கள் கிடையாது. சராசரி, திட்ட விலக்கம், இரண்டு குழுக்களுக்கு நடுவே தெரியும் வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று பார்க்கும் சோதனை, எல்லாவற்றையும் தட்டச்சுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு நானே கற்றேன். முதலில் கால்குலேட்டரில் போடுவேன். பிறகு துறைக்குப் புதிதாக வந்திருந்த கறுப்புத் திரைக் கணினியில் போடுவேன். இரண்டும் ஒத்துப்போகும் வரை எழுந்திருக்க மாட்டேன். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. நிலம்தான் கிடையாது.

அப்போது நாங்கள் செய்த ஆய்வு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களுக்கு ரத்தசோகை எவ்வளவு என்பது. மாத்திரையும் மருத்துவ முகாமும் எந்தத் தெருக்களுக்கு முதலில் போக வேண்டும் என்பதை எங்கள் அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அந்தக் கிராமங்களில் ஒன்று என்னுடையது. ஊர் முனையில் ஆளுங்கட்சிக் கொடியும் செங்கொடியும் பக்கத்துப் பக்கத்தில் பறந்த காலம். அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலைக்குப் போனவர்கள். கூலி உயர்வு கேட்டு வயலில் இறங்காமல் இருந்த வருஷங்களில் முதல் ஆளாக வரப்பில் உட்கார்ந்தவள் அம்மா. "இதுங்களுக்கு என்னங்க, உழைக்கிற உடம்பு, ஒரு நோயும் அண்டாது" என்று மிராசுதார் அதிகாரிகளிடம் சொன்னதைச் சின்ன வயதில் என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த வாயை எண்களால் அடைக்கப்போகிறேன் என்று கறுவிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன்.

ஆய்வை நடத்திய டாக்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நகரத்துப் பெண். "கூலி வேலைக்குப் போறவங்க பகல்ல வீட்ல இருக்க மாட்டாங்களே, எப்படிப் பிடிக்கிறது?" என்று கேட்டார். யோசனை சொன்னது நான்.

"நடவு நடக்குது மேடம். கஞ்சி குடிக்கக் கரையேறுவாங்க. வரப்புலயே எல்லாரையும் ஒரே இடத்துல பிடிச்சிடலாம்."

அப்படியே செய்தோம். விரலில் ஒரு குத்து, வடிதாளில் ஒரு சொட்டு, தாளின் ஓரத்தில் ஓர் எண். நிலம் உள்ளவர்களின் தெருக்களில் மட்டும் வீடு வீடாகப் போனோம். "ஊர்க்காரி ஒருத்தி கூட இருந்தா எவ்வளவு சுலபம்" என்று டாக்டர் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரின் முறை வந்த நாளில் நான் தஞ்சாவூரில் உட்கார்ந்து, வந்த எண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தது. நிலக்காரர் வீட்டுப் பெண்களைவிட நடவுப் பெண்களின் ரத்தம் நன்றாக இருந்தது. அந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றது சோதனை. மூன்று தடவை போட்டேன். மிராசுதார் சொன்னதை நானே நிரூபித்து, அச்சடித்துக் கையில் வைத்திருந்தேன். அழுகை வந்தது.

"கணக்கு சரிதானே?" என்றார் டாக்டர்.

"சரிதான் மேடம்."

"அப்புறம் என்ன? நமக்குப் பிடிச்ச மாதிரிதான் வரணும்னு இருக்கா? மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். நடவு மும்முரம், வயலுக்கு ஞாயிறு திங்கள் கிடையாது. பட்டப்பகலில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நடவுக்குப் போவலியா?"

"என்னைத்தான் வரிசையில சேக்கறதில்லையே. குனிஞ்சா கண்ணு இருட்டுது. கை பின்தங்குது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வந்து நடுவியா?"

நடவு ஒரு வரிசை. பெண்கள் ஒரே கோட்டில் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். ஒருத்தி தாமதித்தால் அவள் பங்குத் தரை மொட்டையாக நிற்கும். பக்கத்தில் இருப்பவள்தான் அதையும் சேர்த்து நட வேண்டும். அதனால் ஆள் சேர்ப்பவள் முடியாதவளைக் கூப்பிடுவதில்லை. எங்கள் தெருவில் பிறந்த யாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். வரப்பில் ரத்தம் எடுக்கலாம் என்று கெட்டிக்காரத்தனமாகச் சொன்னபோது மட்டும் மறந்துபோனது.

"நம்ம தெருவுல உன்னை மாதிரி எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

அம்மா ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு விரல்கள் போதவில்லை. நோயாளிகளை எங்களுக்கு முன்பே ஆள் சேர்ப்பவள் கழித்துவிட்டிருக்கிறாள். மிச்சம் இருந்த திடமானவர்களை அளந்துவிட்டு, இவர்கள்தான் கூலிப் பெண்கள் என்று எழுதியிருக்கிறோம்.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க ஊருங்கறதால இப்படித் தோணுதா?"

முகம் சுட்டது. "எங்க ஊருங்கறதாலதான் மேடம் தெரியுது. தப்பு என் யோசனையில. நானே திருத்தறேன். பத்து நாள் குடுங்க."

"பத்து நாள். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

கூலிக்காரர்களின் தெருக்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். எடுத்த தெருவில் ஒரு வீட்டைக்கூட விடக் கூடாது என்று நானே விதி எழுதினேன். விடிவதற்குள் போய்விடுவேன், வயலுக்குக் கிளம்புமுன் பிடிக்க. கதவு சாத்தியிருந்தால் பொழுது சாய மறுபடி போவேன். "ரத்தத்தை எடுத்து எங்க விக்கிற?" என்று கேட்டவர்களிடம் சண்டை போடாமல் பேசக் கற்றுக்கொண்டேன். என் சுபாவத்துக்கு அது பெரிய படிப்பு.

குலுக்கலில் எங்கள் தெருவும் வந்தது. பக்கத்து வீட்டில் முடித்துவிட்டு, எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்கு நடந்தேன். சொந்த அம்மாவைச் சேர்த்தால் அறிக்கையையே சந்தேகப்படுவார்கள் என்று நினைப்பு. டாக்டரின் கேள்வி இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"நீயும் என்னைச் சேத்துக்கலியா?"

திரும்பி வந்தேன். அவள் விரலை அழுத்தி அழுத்தித்தான் ஒரு சொட்டு வந்தது. தாளின் ஓரத்தில் வீட்டு எண்ணை எழுதினேன்.

ஒன்பதாம் நாள் புதிய கணக்கு வந்தது. முந்தைய முடிவு தலைகீழாக மாறியிருந்தது. டாக்டர் அறிக்கையின் முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டு, நாங்கள் எங்கே தவறினோம் என்பதிலிருந்தே புதிதாக எழுதினார். கூலிக்காரர்களின் தெருக்கள் பட்டியலில் முதலில் வந்தன.

கடைசியாக ஒருமுறை அளவுகளின் தாளைக் கையில் எடுத்தார். அதில் பெயர் கிடையாது, தெருவும் வீட்டு எண்ணும் மட்டும். மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இவ்வளவு கம்மியா? இவங்க முகாம் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதும்மா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும். இது யாரு வீடு, தெரியுமா?"

"தெரியும் மேடம்," என்றேன். "நான் தாண்டிப் போகப் பார்த்த வீடு. எங்க அம்மா."